நிலத்தகராறில் பிறந்த பேச்சு

பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்த எந்தப் பள்ளிப்பிள்ளையைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லும்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. என்ன சொல்லப்போகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு அதைச் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதை நினைவூட்டிவிட்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி இறங்க வேண்டும். தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தது இது. அவருக்கு அவருடைய ஐயா. அந்த ஐயாவுக்கு யார் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால் ஏதோ ஒரு குருகுலத்துத் திண்ணையில் போய் நிற்போம் என்றுதான் தோன்றும். ஆனால் நாம் போய் நிற்பது சிசிலித் தீவின் ஒரு நீதிமன்றத்தில். அங்கே நடந்துகொண்டிருப்பது நிலத்தகராறு.

கி.மு. 466 வாக்கில் அந்தத் தீவின் சிராக்யூஸ் நகரத்தில் கொடுங்கோலன் ஒருவனின் ஆட்சி கவிழ்ந்தது. அவனும் அவன் குடும்பத்தாரும் பிடுங்கித் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்த நிலங்களை, உரியவர்கள் திரும்பக் கேட்டார்கள். பத்திரம் இல்லை, பட்டா இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. பெரிய நடுவர் கூட்டத்தின் முன்னால் அவரவரே எழுந்து பேசியாக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் போன பிறகு இழப்பீட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கிய ஸ்ரீபெரும்புதூர்க் குடும்பங்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். நியாயம் நம் பக்கம் இருக்கும், வாயைத் திறந்தால் தாத்தா காலத்துக் கதையெல்லாம் வரும், சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் வராது.

இவர்களுக்கு உதவக் கிளம்பியவர் கோராக்ஸ் என்ற ஆசிரியர் என்பது கிரேக்கர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. காசு வாங்கிக்கொண்டு பேசக் கற்றுக்கொடுத்தார். முதலில் கேட்பவரை நம் பக்கம் திருப்பு, பிறகு நடந்ததைச் சொல், அதற்குக் காரணம் காட்டு, கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்டு முடி. இவ்வளவுதான் பாடம். அவருடைய மாணவர் தீசியாஸ் பாடமெல்லாம் கற்றுக்கொண்டு கூலி தர மறுத்தார். வழக்கு மன்றத்துக்குப் போனது. மாணவர் சொன்ன வாதம் இது: "இந்த வழக்கில் நான் வென்றால், தீர்ப்புப்படி பணம் தர வேண்டியதில்லை. தோற்றால், இவர் கற்றுத் தந்த பேச்சு உதவாது என்று ஆகிவிடும். அப்போதும் தர வேண்டியதில்லை." ஆசிரியர் அதே வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டார். நடுவர்கள் தலையில் அடித்துக்கொண்டு, கெட்ட காக்கைக்குக் கெட்ட முட்டை என்று சொல்லி இருவரையும் விரட்டினார்களாம். கோராக்ஸ் என்றால் காக்கை. இந்த ஆசாமி உண்மையில் இருந்தாரா என்று அறிஞர்கள் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். முட்டை பொரிந்தது என்னவோ உண்மை.

பேச்சுக்கு ஏன் இத்தனை கட்டு தேவைப்பட்டது? படிப்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டலாம், கேட்பவரால் முடியாது. ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அதனால் பேச்சாளரே அடிக்கடி திரும்பிப் பார்த்து, இதோ இங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தமிழனுக்குப் பேசத் தெரியாதா என்று யாரும் கோபப்பட வேண்டாம். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஒன்று, அவையஞ்சாமைக்கு ஒன்று என்று மூன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது, ஆசிரியர் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்று வகுக்கிறது, மாணவரைக்கூட அன்னம், பசு, ஓட்டைக்குடம், பன்னாடை என்று தரம் பிரிக்கிறது. ஆனால் அந்தப் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஏட்டில் அது குற்றமேதான். ஆயிரம் பேர் நிற்கும் திடலில் கூறியதைத் திரும்பக் கூறாதவன் பேச்சாளனே இல்லை. நம் இலக்கணம் நூலுக்கும், தேர்ந்தெடுத்த சிறு அவைக்கும் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் வந்து நிற்கக்கூடிய கூட்டத்துக்கு எழுதப்படவில்லை.

அந்த வேலியை ஒருமுறை தாண்டியவர் நம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். 1017-இல் இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தின் பொருளை, கோயிலில் ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னார் என்கிறது குருபரம்பரைக் கதை. அதில் முன்னுரை, முடிவுரை ஏதும் இல்லை. செய்தி ஒன்றுதான், கேட்பவர் எல்லோரும்தான். அதைத் தொடர்ந்து ஊர்தோறும் பொதுப்பேச்சு தோன்றிவிடவில்லை. உபன்யாசமும் காலட்சேபமும் நூலைத் தழுவியே நடந்தன. ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார், பாட்டு எங்கே போகிறதோ அங்கே பேச்சும் போகும்.

இதற்கிடையில் சிசிலிக் காக்கையின் குஞ்சு ரோமாபுரிக்குப் போய் சிசெரோ என்ற பேச்சாளரிடம் கொழுத்து, பிறகு கிறிஸ்தவ மடங்களுக்குள் புகுந்து பிரசங்கமாக உருமாறியிருந்தது. வழக்கறிஞரின் கருவி போதகரின் கைக்கு வந்தது. 1592-இல் வில்லியம் பெர்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் போதகர்களுக்காக எழுதிய லத்தீன் கையேடு, அதை வெகுவாக இளைக்க வைத்தது. வேதத்தில் ஒரு பகுதியை வாசி, அதன் பொருளைச் சொல், அதிலிருந்து ஒரு கருத்தை எடு, அந்தக் கருத்தைக் கேட்பவரின் வாழ்க்கையோடு சேர். அலங்காரம் வேண்டாம், லத்தீன் மேற்கோள் வேண்டாம்.

1739-இல் அந்தப் பேச்சு கோயிலை விட்டு வெளியே வந்தது, அதாவது தள்ளப்பட்டது. ஜார்ஜ் வைட்பீல்டு என்ற இளம் போதகருக்குப் பிரிஸ்டல் நகரத் தேவாலயங்கள் கதவைச் சாத்தின. அவர் பக்கத்திலிருந்த கிங்ஸ்வுட்டுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் முன்னால் வெட்டவெளியில் பேசத் தொடங்கினார். சில வாரங்களில் ஜான் வெஸ்லியும் வந்து சேர்ந்துகொண்டார். கண்ணியமான குருவானவர் திறந்தவெளியில் நின்று கத்துவதா என்று வெஸ்லிக்கு முதலில் கூச்சம். பின்னர் அரை நூற்றாண்டு காலம் குதிரையில் ஊர் ஊராகப் போய் அதையே செய்தார். அச்சான அவருடைய பிரசங்கங்களைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பிரித்திருக்கும். வேலை முடித்துக் கரியும் களைப்புமாக வந்து நிற்பவனுக்கு எது தலைப்பு, எது கிளை என்று தெரிய வேண்டாமா? கம்பெனி கேட் முன்னால் நடக்கும் வாயிற்கூட்டத்துக்குப் பாட்டன் யார் என்று கேட்டால், கிங்ஸ்வுட் மைதானத்தைத்தான் நான் காட்டுவேன்.

வெஸ்லியின் சீடர்கள் 1814-இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் நடத்திய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர். வாரந்தோறும் நடக்கும் பிரசங்கம் எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே கவனிக்க அவருக்கு வாய்த்தது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் சைவப் பிரசங்கம் ஒன்றைத் தொடங்கினார். கையில் புராண ஏடு விரித்து வரிவரியாகப் பொருள் சொல்லவில்லை. பொருளை முதலில் எடுத்துக்கொண்டார். கடவுள் ஒருவர் என்பது, கொல்லாமை, கள்ளுண்ணாமை, இல்லற ஒழுக்கம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு பொருள். அதை நிறுவ நூல்களிலிருந்து சான்று வரும், முடிவில் கேட்பவர் செய்ய வேண்டியது வரும். நல்லூர் கார்த்திகேசையரும் அவரும் மாறி மாறிப் பேசினார்கள்.

யாரை எதிர்க்க எழுந்தாரோ அவர்களுடைய கருவியையே எடுத்துக்கொண்டார் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிராளியின் கையிலிருந்து பிடுங்கப்பட்டபோதெல்லாம்தான் இந்தப் பேச்சமைப்பு புது உயிர் பெற்றது என்பது என் எண்ணம். பாதிரிமாருக்குத் தமிழ் கற்றுக்கொண்ட மொழி, நாவலருக்கு அது தாய்மொழி. பெர்கின்ஸின் எலும்புக்கூட்டுக்குத் தமிழ்த் தசை போட்டது வண்ணார்பண்ணைதான்.

இதே யாழ்ப்பாணச் சரக்கு ஒருமுறை கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்தது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. நாவலர் மரபில் வந்த சைவச் சண்டமாருதம். வெஸ்லியின் பெயர் தாங்கிய பள்ளிக்கூடத்தில் நாவலரின் வழிவந்தவர் பாடம் நடத்தினார் என்றால் வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவரிடம் படித்த ஒரு மாணவனை நாம் சற்று நேரத்தில் சந்திப்போம்.

அதற்கு முன் தூத்துக்குடி. காங்கிரஸ் கூட்டங்களில் ஆங்கிலம் கோலோச்சிய காலத்தில், 1908 தொடக்கத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் தமிழில் பேசினார்கள். கூட்டத்தில் கோரல் மில் தொழிலாளர்கள் இருந்தார்கள். பிப்ரவரி 27-இல் மில்லில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு கிடைத்தது. அடுத்த சில நாட்களில் பேசியவர்கள் கைதானார்கள். பேச்சைக் குறித்துக்கொள்ளவென்றே போலீஸ் கூட்டத்தில் ஆள் வைத்திருந்தது. அந்தக் குறிப்புகள்தான் நீதிமன்றத்தில் சாட்சி. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். ராஜதுரோகமாகப் பேசிய சிவாவுக்கு 10 ஆண்டுத் தீவாந்தரம். தானும் பேசி, சிவாவுக்கு உடந்தையாகவும் இருந்த சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் பிறகு அது குறைந்தது. ஒரு பேச்சு கேட்பவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்கிறது என்பதற்கு அரசாங்கமே இப்படிச் சான்றிதழ் கொடுத்தது வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். தலைவர் பி.பி. வாடியா, பம்பாயிலிருந்து வந்த பார்ஸி. தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் பேச்சைத் தொழிலாளரிடம் தமிழில் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர், ராயப்பேட்டையில் கதிரைவேற்பிள்ளையிடம் படித்த அந்த மாணவர்: திரு.வி. கலியாணசுந்தரனார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது பேச்சாளர் சுற்றி வளைக்க முடியாது. ஒரு கருத்தைச் சொல்லி நிறுத்தியாக வேண்டும். அது மறுகரை போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத தலைவர் வாய்த்தது தமிழ்த் தொழிற்சங்கப் பேச்சுக்கு ஒருவகையில் நல்லதாகத்தான் போயிற்று.

அப்புறம் மைக் வந்தது, அண்ணா வந்தார், அடுக்குமொழி வந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அண்ணாவின் பேச்சில் அழகுக்கு அடியில் வலுவான கட்டு இருந்தது. பார்த்து எழுதியவர்கள் அழகை எடுத்துக்கொண்டு கட்டை விட்டுவிட்டார்கள். இன்று நம் மேடைகளில் மாவட்டம், ஒன்றியம், நகரம், பேரூர், கிளை என்று 'அவர்களே, அவர்களே' போட்டு விளித்து முடிப்பதற்குள் பின்வரிசை டீக்கடைக்குப் போய்விடுகிறது.

இது பேச்சின் ஒரு கிளை. இன்னொரு கிளை கிளம்பியது மேடையே இல்லாத இடத்தில்.

ஜெர்மனியில் ஹெர்பார்ட் (1776–1841) என்று ஒரு தத்துவ ஆசிரியர். கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவஞானி காண்ட் இருந்த நாற்காலியில் 1809-இல் அமர்ந்தவர். புதிய விஷயம் மனத்தில் ஒட்ட வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய விஷயத்தோடு அது கைகோக்க வேண்டும் என்றார். அவருடைய சீடர்கள் இதை ஐந்து படிகளாக்கி வாத்தியார்களுக்குக் கொடுத்தார்கள்: மாணவரை ஆயத்தப்படுத்து, பாடத்தை எடுத்துவை, தெரிந்ததோடு ஒப்பிடு, பொதுவிதியைக் காண், பயன்படுத்திப் பார். காஞ்சிபுரத்திலோ கடலூரிலோ பி.எட். படிக்கும் பிள்ளை ராத்திரி கண்விழித்து எழுதும் பாடக்குறிப்பு இருக்கிறதே, அதன் மூலப்பிரதி இதுதான்.

இந்த ஐந்து படிகள் 1890-களில் அமெரிக்கா போயின. முதல் உலகப்போர் வந்தது. கப்பல் கட்டும் தளங்களுக்கு ஒரேயடியாகப் பல மடங்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலையே பக்கத்தில் பார்க்காதவர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்கல்வி நடத்திவந்த சார்லஸ் ஆலன், பள்ளிக்கூடத்துப் படிகளை எடுத்து நான்காகச் சுருக்கித் தளத்து மேஸ்திரிகளின் கையில் கொடுத்தார். ஆயத்தம், எடுத்துரைத்தல், செய்யவிடுதல், சோதித்தல். 1919-இல் புத்தகமாகவும் எழுதினார். போர் முடிந்தது, எல்லோரும் மறந்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் நினைவூட்டியது. 1940-இல் அமெரிக்க அரசு தொழிலகப் பயிற்சிக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. ஆலனின் நான்கு படிகளை எடுத்துச் சட்டைப்பையில் வைக்கும் சின்ன அட்டையில் அச்சடித்துச் சூப்பர்வைசர்களுக்குக் கொடுத்தார்கள். தினம் இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் வகுப்பு, வகுப்புக்குப் பத்துப் பேர். 1945-இல் கடையைக் கட்டுவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேறியிருந்தார்கள்.

அந்த வகுப்பின் முதல் நாளைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் கையில் ஒரு முழ மின்கம்பி. பல்பு ஹோல்டரின் மூடிக்குள் எலக்ட்ரீசியன் ஒரு முடிச்சுப் போடுவார் அல்லவா? கம்பியை யாராவது இழுத்தாலும் திருகில் இருக்கும் முனை பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க. அந்த முடிச்சுதான் பாடம். பயிற்சியாளர் ஒருவரை எழுப்பி, எந்த முனையை எங்கே வளைத்து எதன் பின்னால் விட்டு எந்தக் கண்ணிக்குள் நுழைப்பது என்று வாயால் மட்டும் விளக்குவார். இப்போது போடுங்கள் என்பார். வராது. அடுத்தவரை எழுப்பி, வாயே திறக்காமல் எதிரே நின்று போட்டுக் காட்டுவார். அதுவும் வராது. எதிரே நின்றால் வலது இடதாகிவிடும். மூன்றாமவரைத் தன் பக்கத்தில், ஒரே திசை பார்க்க நிற்க வைப்பார். இது என்ன முடிச்சு, எதற்கு என்று சொல்வார். இதற்கு முன் போட்டதுண்டா என்று கேட்பார். ஒரு நேரத்தில் ஒரு படி, அந்தப் படியில் கை எங்கே வழுக்கும் என்ற ஒரு குறிப்பு. பிறகு அவரையே போடச் சொல்வார், போட்டுக்கொண்டே காரணத்தையும் சொல்லச் சொல்வார். முடிச்சு விழுந்துவிடும். கற்றவன் கற்கவில்லை என்றால் கற்பித்தவன் கற்பிக்கவே இல்லை என்ற பொருளில் அட்டையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. மேடைப்பேச்சாளர்கள் யாரும் தங்கள் மேல் போட்டுக்கொள்ளாத பாரம் அது.

போர் முடிந்ததும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அட்டையைத் தூக்கிப் போட்டன. தோற்ற ஜப்பானோ அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. ஆக்கிரமிப்பு அதிகாரிகளே அதைக் கொண்டுபோனார்கள். 1951-இல் கிளீவ்லாந்திலிருந்து லோவல் மெல்லன் தலைமையில் பயிற்சியாளர்கள் வந்து ஜப்பானியருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். டொயோட்டா பிடித்துக்கொண்டது. காலையில் வேலைக்கு முன் எல்லோரும் வரிசையில் நின்று சிறு உரை கேட்கும் பழக்கம் ஜப்பானியப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முன்பே உண்டு. வரிசை அவர்களுடையது, படிகள் ஹெர்பார்ட்டுடையவை. இரண்டும் சேர்ந்தபோது ஷாப் ஃப்ளோர் பேச்சு என்ற புது இனம் பிறந்தது. 1980-களில் ஜப்பானியக் கார்களின் தரத்தைப் பார்த்து வியந்து அமெரிக்கர்கள் போய்த் துருவியபோது, உள்ளே கிடைத்தது தங்கள் அப்பாக்களின் அட்டை. 2001-இல் அமெரிக்காவில் அந்தப் பயிற்சிக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். எந்த ஊரில் தெரியுமா? நியூயார்க் மாநிலத்தில், சிசிலியின் அந்தப் பழைய நகரத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் சிராக்யூஸில். அதை அங்கே கற்பித்தவர்களில் ஒருவர், ஜப்பானில் சான்யோ கம்பெனியில் வேலை பார்த்து அதைக் கற்றுவந்த அமெரிக்கர். இதைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தியாவுக்கு இந்தப் பழக்கம் பலமாக வந்தது 1983-இல் குர்கானில் மாருதி–சுசுகி கூட்டு ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியபோது. காலை உடற்பயிற்சி, எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன். தெற்கே 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருளத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ், மறு ஆண்டு ராயல் என்ஃபீல்டு. பின்னால் வல்லம் வடகாலில் யமஹா. கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் என்று முதலாளிகள் வேறு வேறு. ஆனால் ஷிப்ட் தொடங்குமுன் லைன் பக்கத்தில் வெள்ளைப் பலகை முன்னால் நடக்கும் மார்னிங் மீட்டிங் அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே ஜாடை. முதலில் சேஃப்டி, அப்புறம் குவாலிட்டி, அதற்கப்புறம்தான் இன்றைய எண்ணிக்கை. ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. கன்வேயர் ஓடத் தொடங்கினால் பேச்சு நின்றே ஆக வேண்டும். எந்தக் கட்சி மேடையிலும் இல்லாத கட்டுப்பாடு இது.

நல்ல லைன் லீடர் ஒருவர் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நேத்து செகண்ட் ஷிப்ட்ல ரெண்டு வண்டி ரீவொர்க் போயிருக்கு. ரெண்டுமே பின்சக்கரத்து போல்ட், டார்க் பத்தல. கன் கிளிக் ஆகறதுக்கு முன்னாடியே கைய எடுத்திருக்கோம். இன்னைக்கு ஒரே விஷயம்தான். கிளிக் சத்தம் கேட்டாத்தான் கைய எடுக்கணும். தம்பி, நீ சொல்லு, எப்ப கைய எடுப்ப?" நடந்தது, காரணம், செய்ய வேண்டியது என்று முதல் பாதியில் கோராக்ஸ் இருக்கிறார். கடைசிக் கேள்வியில் ஆலன் இருக்கிறார். பேசுகிறவர் இருவர் பெயரையும் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. கூட்டத்தில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் நிற்பதால் அதே செய்தியை ஒட்டுப்போட்ட இந்தியிலும் ஒருமுறை சொல்லி, "சமஜ் கயா, பையா?" என்று முடிப்பார். வாடியாவுக்கு ஒரு திரு.வி.க. கிடைத்தார். இங்கே லைன் லீடரே வாடியா, அவரே திரு.வி.க.

மற்றக் கிளை கேட்டுக்கு வெளியே நிற்கிறது. ஷிப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ்கள் திரும்பும் வளைவு, கொடிக்கம்பம், கையில் மைக். வாயிற்கூட்டம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, பந்தலில் எத்தனையோ பேர் வந்து பேசினார்கள். முக்கியமான கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். கூலி, வேலைநேரம் என்று மற்றவை எத்தனை இருந்தாலும் அது முதலில் நின்றது. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, நாட்டுக்கு வெளியே இருந்த பத்திரிகைகளுக்கும் அது ஒரே வரியில் புரிந்தது. அங்கீகாரத்தின் நியாய அநியாயத்தை விவாதிக்க இது இடமில்லை. ஒன்றை முன்னே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

 

கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் இன்னும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்பேன். மார்னிங் மீட்டிங்குக்கு வாயிற்கூட்டத்தின் சூடு கிடையாது. சில கம்பெனிகளில் லைன் லீடர் பலகையை முணுமுணுத்து வாசிக்கிறார், பிள்ளைகள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேடைக்கோ சோதித்தல் என்ற நான்காவது படியே கிடையாது. கைதட்டலைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். இரண்டில் எது பெரிய குறை என்றால், இரண்டாவதுதான்.

ஆகவே ஆண்டுவிழாவோ, சங்கக் கூட்டமோ, மாமா மகன் கல்யாணத்தில் வாழ்த்துரையோ, அடுத்த முறை மைக் உங்கள் கைக்கு வந்தால் ஒன்று செய்து பாருங்கள். பேசி முடித்ததும் முன்வரிசைக்குக் கைகொடுக்கப் போகாதீர்கள். நேரே பின்வரிசைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் யாரையாவது, "நான் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள்.